காய்ச்சல், வயசு, பேரு

மெஷினில் இரண்டு மணி நாற்பத்தொரு நிமிஷம் மிச்சம் காட்டியது. அதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் வேண்டும், வேறு யார் சொல்வார்கள், அந்த டாக்டரா, அவர் நோயாளியின் பெண்டாட்டி காதில் போட்டுவிட்டால் புருஷனுக்குச் சொன்ன மாதிரிதான் என்று நினைக்கிற ரகம், கால் மணி நேரத்துக்கு முன்னால் கோகிலவாணியை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காருங்கம்மா என்றார், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி, "ஹார்ட்டு ரொம்ப வீக்கா இருக்குதும்மா. எக்கோ ரெண்டு தடவை பாத்தாச்சு. இந்த ஹார்ட்டை வச்சுக்கிட்டு ஆபரேஷனுக்கு ஏத்த முடியாது. கிட்னி மாத்தறதுங்கற பேச்சை இதோட விட்டுடலாம்" என்றார். தள்ளிப்போடலாம் என்றில்லை, விட்டுடலாம். அதைக் கேட்டுக்கொண்டு வந்து, பழையபடி அதே பிளாஸ்டிக் நாற்காலியில், தண்டபாணியின் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் தூங்குகிறான். இடது கையில் இரண்டு ஊசி, ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றின் வழியாகக் கழுவின ரத்தம் உள்ளே வருகிறது, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மூன்று வருஷமாக. வாணியின் கிட்னி அவனுக்குப் பொருந்தும் என்று டெஸ்டெல்லாம் முடிந்து, ஆடி போகட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷன் ஆறு மாசமாகச் சிரித்துக்கொண்டு இருந்தான். கண் விழித்ததும் முதல் கேள்வியே அதுதான் கேட்பான், தேதி சொன்னாங்களா என்று.

ரத்தம் ஓடும் வேகம் முன்னூறு. நிமிஷத்துக்கு முன்னூறு மில்லி. அது காய்ச்சல். இதுவரை எடுத்த தண்ணீர் ஆயிரத்து நூற்றிருபது. அது வயசு. கட்டில் நம்பர் ஆறு. அது பேரு. சனியன், இந்தப் புத்தி எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது, பதினேழு வருஷப் பழக்கம், சரவணம்பட்டி ஆபீசில் வாணி பார்க்கிற வேலையே அதுதானே. ஊரில் உள்ள மீட்டர், சென்சார், அந்தப் பெட்டி இந்தப் பெட்டி எல்லாம் நாள் முழுக்க நம்பராக அனுப்பிக்கொண்டே இருக்கும், அந்த நம்பர் ஒவ்வொன்றும் என்ன வகை என்று யாராவது ஒரு ஆள் சாப்ட்வேருக்குச் சொல்லித் தரவேண்டும், இல்லாவிட்டால் அதற்கு எல்லாமே ஒன்றுதான், பாழாய்ப்போனது. இங்கிலீஷில் நீளநீளமாகப் பேர் இருக்கிறது. டீம் லீடர் அபுபக்கர் பொள்ளாச்சிக்காரர், அவர்தான் ஒரு மத்தியானம் டீக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "மூணே மூணு வகைதானுங்க மேடம், காய்ச்சல், வயசு, பேரு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் அதுவே நின்றுவிட்டது. ஏறும் இறங்கும் என்றால் காய்ச்சல், கரெண்டு வோல்ட்டேஜ், குளிர்பெட்டியின் சூடு, மில்லில் ஈரப்பதம், அதையெல்லாம் கோடு போட்டுப் பார்க்க வேண்டும், எல்லை தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது என்றால் வயசு, தண்ணி மீட்டர், ஈபி மீட்டர், அது ஒரு நாள் திடீரென்று இறங்கினால் பழைய மீட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டார்கள் என்று சாப்ட்வேர் தானாகவே எடுத்துக்கொள்ளும், பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். மாறவே மாறாது என்றால் பேரு. குழாயின் விட்டம், தொட்டியின் கொள்ளளவு. அதற்குக் கோடு கிடையாது, அலாரம் கிடையாது, ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அங்கேதான் போய் முட்டுகிறது, எந்தப் பக்கம் நினைப்பை ஓட்டினாலும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. சரி, வேறு நினைக்கலாம். எதிர்க் கட்டில் பெரியவர் ஹெட்போனில் ஏதோ கேட்டுக்கொண்டு விரலால் தாளம் போடுகிறார், அவரும் ஐந்து வருஷமாக வருகிறார், கிட்னி தர யாரும் இல்லை, அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, அதுவும் நல்லதுதான், ஆசை காட்டாமல் இருந்தால் ஏமாற்றவும் வேண்டாம். தொட்டி என்றதும் அந்த அபார்ட்மெண்ட் ஞாபகம் வருகிறது. புதுசாக வந்த பிள்ளை ஒருத்தி மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தை வயசு என்று போட்டுவிட்டாள், தொட்டி காலியாகும்போதெல்லாம் சாப்ட்வேர் ஓகோ புது மீட்டர் போல என்று கூட்டிக்கொண்டே போய், ஒரே வாரத்தில் நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரு டேம் தண்ணீரைக் குடித்துத் தீர்த்ததாகக் காட்டிவிட்டது. அபுபக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாணிதான் ஐந்தே நிமிஷத்தில் திருத்தினாள், ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல், சேவ், முடிந்தது, தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு மெயில். அந்தப் பிள்ளையிடம் இவள் என்ன சொன்னாள், "நம்பரைப் பாக்காத, அந்தப் பொருளைப் பாரு, அது நிஜத்துல என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு அப்பறம் வகையைப் போடு" என்று பெரிய இவளாட்டம் புத்தி சொன்னாள். ஐயோ, எவ்வளவு பேச்சு பேசியிருக்கிறாள், எவ்வளவு பேச்சு.

தண்டபாணிக்குக் கிட்னி போய்விட்டது என்று தெரிந்த முதல் வாரமே வாணி தன் போனில் அவனுக்கென்று ஒரு கணக்கு செய்தாள். அழுது தீர்த்த கையோடு உட்கார்ந்து செய்தாள், அழுகைக்கு அப்புறம் செய்ய ஏதாவது வேண்டுமே. காலையில் எடை, குடித்த தண்ணீர், பிரஷர் மேலே, பிரஷர் கீழே, பொட்டாசியம், ரத்த அளவு, ஒவ்வொன்றையும் எழுதி எழுதி, எதிரே வகையைப் போட்டாள். பிரஷர் காய்ச்சல். பொட்டாசியம் காய்ச்சல். மொத்தம் எத்தனை டயாலிசிஸ் என்பது வயசு. அப்புறம் டிரை வெயிட் என்று ஒன்று. டெக்னீசியன் பிரபாவதி, தாராபுரத்துப் பெண், அவள்தான் விளக்கினாள், "உடம்புல சேந்த தண்ணி ஒரு சொட்டு இல்லாம வெறும் ஆளோட எடைங்க்கா. அவருக்கு அறுபத்தெட்டரை. ஒவ்வொரு தடவையும் மெஷினு அந்த அறுபத்தெட்டரைக்குக் கொண்டாந்து நிறுத்தும்." தண்டபாணி அதற்கு வத்தல் எடை என்று பேர் வைத்தான், "என்னையக் காயப்போட்டா அறுபத்தெட்டரை கிலோ வத்தலு தேறும் புள்ள" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். வாணி எழுதினாள், டிரை வெயிட், அறுபத்தெட்டரை, வகை பேரு. யோசிக்கக்கூட இல்லை, யோசிக்க என்ன இருக்கிறது, அது ஒரு எல்லைக்கல், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் கூட்டிக் கழிக்கிறது, குழாய்க்கு விட்டம் மாதிரி ஆளுக்கு ஒரு அறுபத்தெட்டரை. ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடியை இப்போது எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள், அந்த நொடியில் காற்றாடி ஓடியது, வாசலில் யாரோ கேன் தண்ணீர் இறக்கினார்கள், இவள் பேரு என்பதைத் தொட்டாள்.

ஆள் மெலிவான் என்று யாருக்குத் தெரியாது. மூன்று வருஷமாக உப்பில்லாமல், பருப்பை அளந்து, பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து, வாரத்துக்கு மூன்று தடவை ரத்தத்தைக் கழுவுகிற ஆள் மெலியாமல் என்ன செய்வான். சதை கரைந்துகொண்டே வந்திருக்கிறது, கரைந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டே வந்திருக்கிறது, மெஷின் மட்டும் சொன்ன பேச்சுத் தட்டாமல் ஒவ்வொரு தடவையும் அறுபத்தெட்டரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, என் வேலை முடிந்தது என்று பீப் அடித்திருக்கிறது. அதுவாக நின்ற எடையில்லை, நிறுத்தின எடை. வாணியின் போனில் அது மாறாமல் நின்ற ஒரு நம்பர், கோடுகூடக் கிடையாது. மாசத்துக்கு ஒரு தடவை வருகிற டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார், வருகிறவர் எல்லாம் அந்தப் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, இவ்வளவு சுத்தமா யாரும் வச்சுக்கறதில்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், பிரபாவதி வேறு புதுசாக வருகிறவர்களிடம் வாணியக்காவோட ஷீட்டைப் பாருங்க என்று காட்டுவாள், ஆஸ்பத்திரி ஃபாரத்தில் டிரை வெயிட் எழுத வேண்டிய இடத்தில் தலையைத் தூக்காமலே அறுபத்தெட்டரை என்று எழுதுவாள். வாணிக்கும் பெருமைதான், மறைப்பானேன், உச்சி குளிர்ந்துதான் போனாள். இன்றைக்கு டாக்டர் கேட்டார், "டிரை வெயிட்டைக் கடைசியா எப்பம்மா மாத்துனது?" "மாத்தலைங்க சார்." "மூணு வருஷமாவா?" அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை, நம்பாத மாதிரி ஃபாரங்களைப் புரட்டினார், "இவருக்கு இப்ப அறுபத்திமூணுகூட இருக்காதும்மா. அஞ்சரை கிலோவுக்கு மேல தண்ணியை எப்பவும் சுமந்துக்கிட்டே இருந்திருக்காரு. ஹார்ட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாங்களும் பாத்திருக்கணும்" என்றார். நாங்களும் என்றார். அந்த உம்மை இருக்கிறதே, அதற்குள் இவள் இருக்கிறாள்.

இரண்டு மணி இரண்டு நிமிஷம் மிச்சம். ஆயிரத்து அறுநூற்றெழுபது மில்லி. எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டால் தெரிந்துதான் இருந்தது, எல்லாம் கண் எதிரேதான் நடந்தது. பிரஷர் ஏறிக்கொண்டே போனது, அது காய்ச்சல் வகை, அலாரம் அடித்தது, இவள் உடனே டாக்டருக்குப் போன் போட்டாள், மாத்திரை கூட்டினார்கள், ஒன்று இரண்டாகி இரண்டு நாலானது. படுத்தால் மூச்சு வாங்குது புள்ள என்றான், தலையணை இன்னொன்று வைத்தாள். கன்னம் உப்பினது, பரவாயில்லையே, கொஞ்சம் தேறியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டாள், பாவி, அந்தக் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சக்கூடச் செய்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள், பார்க்க வேண்டாம் என்று தானே எழுதி வைத்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். இதைப் போய் அவனிடம் எப்படிச் சொல்வது. ஆபரேஷன் இல்லை என்று சொன்னால் ஏன் என்பான், ஹார்ட்டு என்றால் ஹார்ட்டுக்கு என்ன என்பான், அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஆள், நூற்றுக்கணக்கான பேருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எதற்கு வண்டி நின்றது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்த ஆள், விடமாட்டான். நான்தானுங்க மாமா. ஒரு வார்த்தையைத் தப்பாகத் தொட்டுவிட்டேன். வார்த்தையா, என்ன வார்த்தை என்பான். பேரு. இதென்ன பதில். மூன்று வருஷம், நானூற்றுச் சொச்சம் தடவை, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவனை நிற்க வைத்து ஒரு பார்வை பார்த்திருந்தால்.

அவள் அந்த நினைப்பை முடிக்கவில்லை, தண்டபாணி ஆ என்று கத்தினான். கொரக்களி. இடது கெண்டைக்காலில் பிடித்து இழுத்தது, தண்ணீர் எடுக்கும்போது அப்படி வரும், கால் விரல்கள் விறைத்து மேலே திரும்பிக்கொண்டன, வாணி போர்வையை உதறிவிட்டுக் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பாதத்தை எதிர்ப்பக்கம் தள்ளினாள். "அழுத்து புள்ள, நல்லா அழுத்து." "அழுத்தறனுங்க, அழுத்தறேன், ஊசிக் கையை ஆட்டாதீங்க." பிரபாவதி ஓடிவந்து மெஷினில் எதையோ குறைத்தாள், சலைனைத் திறந்துவிட்டாள். வாணியின் கை கெண்டைக்காலை முழுசாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. கட்டை விரலும் நடு விரலும் அந்தப் பக்கம் தொட்டுக்கொண்டன. கல்யாணமான புதுசில் இந்தக் காலை அமுக்கிவிடச் சொல்வான், கிளட்ச் மிதித்து மிதித்து வலிக்குது என்பான், அப்போது இரண்டு கையாலும் பிடித்தாலும் சுற்றி வராது, இவள் அவனை யானைக்காலு என்று கேலி செய்வாள். இப்போது எலும்பு, அதன்மேல் ஒரு கயிறு மாதிரி இழுத்துக்கொண்டிருக்கிற கொஞ்சம் சதை, கீழே கணுக்காலில் மட்டும் உப்பல், கட்டை விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அந்தப் பிள்ளையிடம் சொன்னாளே, நம்பரைப் பாக்காத, பொருளைப் பாரு என்று. பொருள் இங்கேதான் இருந்தது, போர்வைக்கு அடியில், தினமும் பக்கத்திலேயே படுத்திருந்தது. இவள் காலையில் அவனைத் தராசில் ஏற்றி நம்பரைப் பார்த்துவிட்டு, இறங்குங்க என்று சொல்லிவிட்டு, நம்பரை எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். வாணி குனிந்தபடியே காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"விட்டுருச்சு, விட்டுருச்சு" என்றான் தண்டபாணி, நெற்றியெல்லாம் வேர்த்து, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான். பிரபாவதி வாணியின் தோளைத் தொட்டு ஓரமாகக் கூப்பிட்டாள். அவளுக்கும் தெரிந்திருந்தது, டாக்டர் அவளையும் கூப்பிட்டுக் காய்ச்சியிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. "அக்கா, அடுத்த தடவையிலிருந்து டிரை வெயிட்டைக் கொஞ்சங் கொஞ்சமா இறக்கச் சொல்றாருங்க்கா. அரைக் கிலோ அரைக் கிலோவா. ஒரேடியா எடுத்தா இப்படித்தான் கொரக்களி புடிக்கும், பிரஷர் விழுந்துரும்" என்றாள். "இறக்குனா ஹார்ட்டு சரியாயிருமா பிரபா?" என்று வாணி கேட்டாள், டாக்டரிடம் கேட்க வாய் வராத கேள்வி. பிரபாவதி கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மூச்சு வாங்கறது கொறையுங்க்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள். "தூங்கி எந்திரிக்கட்டும்." "நானும்தான்க்கா பாக்காம எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் கட்டிலில் பீப் அடிக்க, ஓடிப்போனாள். ஆளாளுக்கு வந்து குற்றத்தில் பங்கு கேட்கிறார்கள், நல்லவர்கள்தான், ஆனால் பங்கு போட்டுக் குறைகிற சாமான் இல்லையே இது. எல்லோருக்கும் கொடுத்த பிறகும் வாணியிடம் அப்படியே முழுசாக இருக்கிறது.

ஐம்பத்தெட்டு நிமிஷம். போனை எடுத்துத் திறந்தாள். டிரை வெயிட் என்கிற வரிக்குப் போய், பேரு என்பதை அழித்துக் காய்ச்சல் என்று மாற்றினாள். ஒரு நொடி வேலை. மாற்றினதும் சாப்ட்வேர், அது பாட்டுக்கு அதன் புத்தியைக் காட்டியது, நானூற்றுச் சொச்சம் நாளுக்கும் கோடு வரைந்து கொடுத்தது, அறுபத்தெட்டரை, அறுபத்தெட்டரை, ஸ்கேல் வைத்து வரைந்தாற்போல ஒரே நேர்கோடு. போன நாளுக்கெல்லாம் தண்ணீர் போக அவனுடைய நிஜ எடை என்ன என்று அதற்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, அளக்காததை எங்கிருந்து கொண்டுவரும். எந்த மாசம் சதை கரைய ஆரம்பித்தது, எந்த வாரம் ஹார்ட்டு முனக ஆரம்பித்தது, அன்றைக்கு இவள் என்ன சமைத்தாள், என்ன பேசினாள், ஒன்றுக்கும் பதில் கிடையாது. புதுக் கிட்னி வைத்தால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள், புது மீட்டர் மாட்டின மாதிரி, பழைய கணக்கு போகட்டும், முதலிலிருந்து எண்ணலாம் என்று. அவனும் அப்படித்தான், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீரை டம்ளர் டம்ளராக அளந்து குடிக்கிற ஆள், "ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணிய அண்ணாந்து மடக்மடக்குன்னு குடிக்கோணும் புள்ள, நீ பக்கத்துல நின்னு பாக்கோணும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான், சொல்லும்போதே தொண்டை ஏறி இறங்கும். சொல்லிவிட வேண்டும். விழித்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கோவிக்கமாட்டான், அதுதான் பயம். கோபப்பட்டு நாலு வார்த்தை ஏசினால் தாங்கிக்கொள்ளலாம். அவன் இவளைச் சமாதானப்படுத்துவான், விடு புள்ள, நீ என்ன வேணும்னா செஞ்ச என்பான், சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான், அந்த முதுகை வைத்துக்கொண்டு இவள் மிச்ச நாள் முழுக்க எப்படி இருப்பாள். மிச்ச நாள் என்றால் எத்தனை. அதையும் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், வருஷமோ மாசமோ, அது இறங்கிக்கொண்டே வருகிற நம்பர், மேலே ஏறாத நம்பர், அதற்கு அபுபக்கர் பேர் எதுவும் வைக்கவில்லை.

இரண்டு நிமிஷம் இருக்கும்போது தண்டபாணி விழித்தான். நன்றாகத் தூங்கின முகம், வலி போன முகம், கண்ணைத் திறந்து முதலில் மெஷினைப் பார்த்து, பிறகு இவளைப் பார்த்து, "டாக்டரு கூப்புட்டாராமா?" என்றான். எதிர்க் கட்டில் பெரியவரைப் பார்த்துத் தலையாட்டினான், இவள் டாக்டர் அறைக்குப் போயிருந்தபோது அரைத் தூக்கத்தில் தேடியிருப்பான், அவர்தான் சொல்லியிருக்க வேண்டும், ஹெட்போன் மாட்டினாலும் காது இங்கேதான். "கூப்பிட்டாருங்க" என்றாள் வாணி. அவன் தலையணையில் கொஞ்சம் மேலே ஏறிப் படுத்தான், அந்த ஏறுவதற்கே மூச்சு வாங்கியது, வாங்கிக்கொண்டே சிரித்தான். "தேதி சொன்னாங்களா?"

சொல்லு. இப்போது சொல்லு. வாயைத் திறந்தாள். மாமா, நான் ஒண்ணு சொல்றேன் என்பது வரைக்கும் உள்ளே தயாராக இருந்தது, வரிசையாக நின்றது, வெளியே வந்தது வேறு. "தள்ளிப் போட்டிருக்காங்க."

"எத்தனை நாளு?"

இல்லீங்க, அப்படியில்லீங்க, என்று திருப்பிவிட இன்னும் இடமிருந்தது, ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அவன் கண் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, நம்பருக்காகக் காத்துக்கொண்டிருக்கிற கண், வாணி சொல்கிற நம்பர் ஒன்றைக்கூட இன்று வரை ஏன் எதற்கு என்று கேட்காத கண். "நாப்பது" என்றாள்.

எங்கிருந்து வந்தது அந்த நாற்பது, எந்த மெஷினும் காட்டவில்லை, எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவன் ஊசியில்லாத கையை வயிற்றில் வைத்து விரல் விட்டு எண்ணினான், ஆனி போக, ஆடி போக, உதடு அசைந்தது. "ஆவணி மொதல் வாரம் வருது. பேசுன நாளுதானே புள்ள, இதுல என்ன தள்ளிப் போட்டாங்க?" என்று சிரித்தான். பிரபாவதி அவனை மெஷினிலிருந்து இறக்குவதற்கு வந்து டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "பாப்பா, கேட்டியா, இன்னும் நாப்பதே நாளு. அப்பறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன். நீ வேணும்னா நம்ம ஸ்கூலுக்கு வா, ஸ்கூட்டி கத்துத் தர்றேன்." பிரபாவதி நிமிராமல் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, "ஆகட்டுங்ண்ணா" என்றாள்.

அவன் பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டான். திடீரென்று ஏதோ ஞாபகம் வந்த மாதிரி வாணியைப் பார்த்தான், சிரிப்பு போய், கண்டிப்பான முகம் வந்தது. "அது கெடக்குது, உனக்கு ஆபீசுல லீவு கேட்டியா? ஆபரேஷன்னா எனக்கு மட்டுமில்ல, உன்னையுமில்ல கீறுவாங்க. ஒரு கிட்னியக் குடுத்துட்டு மறாநாளே லேப்டாப்பத் தொறந்துட்டு உக்காந்தீன்னா நான் பேசவே மாட்டேன் பாத்துக்க. முழுசா ரெண்டு மாசம் கேளு. கேட்டுட்டியா?"

"கேட்டிருக்கறனுங்க மாமா" என்றாள் வாணி. "குடுத்துட்டாங்க."